கல்குவாரியில் வெடிக்காரர் வேலை: சான்றிதழ் முதல் வெடிக்காத குழி வரை

வெடிக்காரர் வேலை என்றதும் பொத்தானை அழுத்தும் அந்த ஒரு நொடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது வேலையில் மிகச் சிறிய பங்கு. காலையில் எத்தனை தோட்டா (உறையில் அடைத்த வெடிமருந்து), எத்தனை கேப் (மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேட்டர்) வாங்கினோம், பாறையில் போட்ட எத்தனை குழியில் போட்டோம், எத்தனை வெடித்தது, மீதி எத்தனை திரும்பிப் போனது என்ற கணக்கு மாலையில் ஒன்றுகூட இடிக்காமல் நேராக வர வேண்டும். கணக்கில் ஒரு கேப் குறைந்தால் அது கல்குவியலுக்குள் கிடக்கிறது, அல்லது யாரோ ஒருவர் பையில் இருக்கிறது. நாளை ஒருவர் கையோ கண்ணோ போகப்போகும் இடம் அதுதான். தமிழ்நாட்டின் ஜல்லிக் குவாரிகளில் இந்த வேலைக்கு வருகிறவர்களையும், வந்து சில மாதங்களே ஆனவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

குழிக்குள் மருந்து இறக்குவதையும் கேப் பொருத்துவதையும் படித்துக் கற்க முடியாது. சான்றிதழ் உள்ளவரின் பக்கத்தில் நின்று, அவர் கண் முன்னால் செய்து கற்க வேண்டியவை அவை. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைத்தான் இங்கே பார்க்கிறோம். விபத்துகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

வேலைக்கு வரும் வழி

கையில் இருக்க வேண்டிய தாள் எது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு, ஏனென்றால் இதில் இரண்டு அரசுத் துறைகள் இருக்கின்றன. குவாரி என்பது சட்டத்தின் பார்வையில் சுரங்கம். சுரங்கப் பாதுகாப்பைப் பார்ப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜி.எம்.எஸ். என்ற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளின்படி, குவாரியில் வெடி வைப்பவரிடம் பிளாஸ்டர் (வெடிக்காரர்) சான்றிதழ் இருக்க வேண்டும், அல்லது அதற்கு மேற்பட்ட மேட் (வேலை மேற்பார்வையாளர்), ஃபோர்மேன், மேனேஜர் சான்றிதழ்களில் ஒன்று இருக்க வேண்டும். வெடிமருந்தைத் தயாரிப்பது, வைத்திருப்பது, வண்டியில் ஏற்றுவது எல்லாம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கையில். அவர்களுடைய சட்டம் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், விதிகள் 2008-ஆம் ஆண்டு வந்தவை. கிடங்கு உரிமம், வண்டி உரிமம் எல்லாம் அந்த விதிகளின் கீழ் வருகின்றன. 18 வயது நிறையாதவரை வெடிமருந்து வேலையில் வைக்கவே கூடாது.

பிளாஸ்டர் தேர்வுக்குப் போகிறவர் முதலில் குவாரியில் வேலை செய்த அனுபவத்துக்கான சான்றை மேனேஜரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். வேலையை விட்ட பிறகு அந்தத் தாளுக்காக அலைவது பெரும்பாடு. அதோடு முதலுதவிச் சான்றிதழும் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். முதலுதவி வகுப்பைச் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு நடத்துகிறது. அதைச் சடங்காக நினைக்காமல் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். குவாரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் அரை மணி நேரத்தில் இரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தேர்வு வாய்மொழியாக நடக்கும். மனப்பாடம் உதவாது. "வெடிக்காத குழி இருக்கிறது, நேரம் மாலை 5 மணி, என்ன செய்வாய்?" என்பது போலக் கேட்பார்கள்.

கிடங்கும் வண்டியும்

கிடங்கில் மருந்தும் கேப்பும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் வண்டியிலிருந்து இறக்கும் அந்த 20 நிமிடத்தில் இரண்டும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிடுகின்றன. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே 2024 மே 1 அன்று குவாரிக் கிடங்கில் நடந்த வெடிப்பு, மருந்து இறக்கும் நேரத்தில்தான் நடந்தது. தொழிலாளர்கள் இறந்தார்கள், அக்கம்பக்கத்து ஊர்களின் வீடுகள் வரை அதிர்ந்தன. ஒரு வண்டி காலியாகிக் கிளம்பிப் போன பிறகே அடுத்த வண்டி உள்ளே வரட்டும். இறக்கும்போது தேவையான ஆட்கள் மட்டும் இருக்கட்டும். பெட்டியை எறியவோ, இழுக்கவோ, உருட்டவோ கூடாது. ஆணி அடித்த செருப்பும் இரும்புக் கம்பியும் உள்ளே வரக் கூடாது. பெட்டி திறக்க மரச் சுத்தியும் பித்தளை அல்லது மர ஆப்பும் போதும். கைபேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

கிடங்கைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு முறை வெட்டினாலும் தகும். இடிதாங்கியின் தரை இணைப்பை வருடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதி வைக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்து மின் தடை ஏறுவதால், அளவை அப்போது எடுப்பதுதான் நியாயம். மழை முடிந்த ஈர மண்ணில் அளந்துவிட்டு நல்ல எண்ணை எழுதுவதில் யாருக்கும் பயன் இல்லை.

முதலில் வந்த பெட்டி முதலில் வெளியே போக வேண்டும். பழைய சரக்கு சுவரோரம் தங்கிப்போனால் நமத்துப்போகும், பாதி வெடித்துப் பாதி நிற்கும். தோட்டாவின் உறை கசிந்திருந்தாலோ, கட்டியாகி இறுகியிருந்தாலோ, உப்புப் பூத்திருந்தாலோ தனியே ஒதுக்கி மேனேஜருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாக அழிக்கப் போகாதீர்கள். அந்த வேலைக்குத் தனி முறையும் தனி அனுமதியும் உண்டு.

பழைய ஆட்கள் "ஜெலட்டின் எடுத்தால் மண்டை இடிக்கும்" என்பார்கள். நைட்ரோகிளிசரின் கலந்த அந்த மருந்துகள் 2004 ஏப்ரல் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டன. இப்போது வருவது நீர் கலந்த எமல்ஷன், ஸ்லரி வகைகள். பேச்சில் மட்டும் ஜெலட்டின் நின்றுபோய்விட்டது. மின்சாரக் கேப்புக்கும் 2025 ஏப்ரல் முதல் தடை. அதன் இடத்தில் எலக்ட்ரானிக் கேப்பைக் கொண்டுவருவதுதான் அரசின் நோக்கம். இது கூடுதல் செலவுதான், இருந்தாலும் நல்ல மாற்றம். மின்சாரக் கேப்பை வழிதவறி வரும் மின்னோட்டம் எதுவும் எழுப்பிவிடக்கூடும். எலக்ட்ரானிக் கேப் தன் அடையாளக் குறியீட்டோடு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும். வெடிக்கு முன்பே ஒவ்வொன்றும் பதில் சொல்கிறதா என்று கருவியில் பார்த்துவிடலாம். ஆனால் எந்தக் கேப்பாக இருந்தாலும் இடி மின்னலுக்கு விதிவிலக்கு இல்லை. தூரத்தில் உருமல் கேட்டாலே வேலையை நிறுத்தி, மருந்து போட்ட இடத்தைக் காலி செய்து, காவல் போடுங்கள். "இன்னும் இரண்டு குழிதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

துளை போடும் முன்: சாக்கெட்

இந்த ஒரு விஷயத்துக்காக மட்டுமே இந்தப் பக்கத்தைப் படித்தாலும் போதும்.

நேற்றைய வெடிக்குப் பிறகு, பாறை முகத்தில் (வெட்டி நிற்கும் பாறைப் பக்கத்தில்) பழைய துளையின் அடிப்பகுதி ஒரு சாண், அரைச் சாண் நின்றுவிடும். அதுதான் சாக்கெட். பார்க்க வெறும் ஓட்டை. அதன் அடியில் வெடிக்காத மருந்து ஒரு துண்டோ, முழுக் கேப்போ இருக்கலாம். துளைபோடும் ஜாக்ஹாமர் பிடிப்பவருக்கு அந்த ஓட்டை வசதியானது, ஏனென்றால் புதுப் பாறையில் பிட் (துளையிடும் முனை) வழுக்கும், பழைய ஓட்டையில் வைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். கம்பரசர் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, அடிக்கணக்கில் கூலி. அதனால் கை தானாக அங்கே போகும். பிட் மருந்தைத் தொட்டால், தொட்டவரின் முகம் துளைக்கு நேர் மேலே இருக்கும்.

ஆகவே முந்தைய வெடியிடத்தை வெடிக்காரர் முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை அங்கே துளை போடத் தொடங்கக் கூடாது. செய்ய வேண்டியது இப்படி. முகத்தில் கிடக்கும் உதிரிக் கல்லையும் தூளையும் முதலில் விலக்கித் தரையைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குங்கள். தூள் மூடிய சாக்கெட் கண்ணில் படாது. நேற்றைய துளை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை ஒவ்வொரு துளையும் எங்கே இருந்தது என்று தேடுங்கள். கண்ட சாக்கெட்டில் தண்ணீர் விட்டுக் கழுவி, வெளிச்சம் காட்டி அடி வரை பாருங்கள். கம்பியால் குத்திப் பார்க்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அதை வெடிக்காத குழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பார்த்து முடித்த ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு மர முளையை அடைத்து, சுற்றிலும் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். முளை இருந்தால் பிட்டை அங்கே வைக்கவே முடியாது. எச்சரித்துக்கொண்டே இருப்பதைவிட இது வேலை செய்யும்.

புதுத் துளையின் இடத்தை வெடிக்காரர்தான் காட்ட வேண்டும். சிறு விட்டத் துளைகளில் சாக்கெட்டிலிருந்து 30 செ.மீ.க்குள் எங்கும் வரக் கூடாது. மேலே 30 செ.மீ. தள்ளித் தொடங்கி, உள்ளே சாய்ந்து போய் சாக்கெட்டைத் தொடுகிற துளையும் அதே ஆபத்துதான். சாய்வு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லுங்கள். பெரிய விட்டத் துளை போடும் குவாரியில் மேனேஜர் இதைவிட அதிக தூரம் எழுதி வைத்திருப்பார். அதுதான் அங்கே கணக்கு.

கல் ஏன் பறக்கிறது

வெடித்த வாயு எப்போதும் எளிய வழியைத் தேடும். முன்பக்கப் பாறை மெலிந்திருந்தால் அந்த வழி, மேல்மூடி குறைந்திருந்தால் இந்த வழி. பறக்கும் கல்லின் கதை முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

துளைக்கும் முகத்துக்கும் இடையே உள்ள பாறையின் கனம்தான் பர்டன். கடினமான கருங்கல்லில் அது துளை விட்டத்தின் 25 முதல் 30 மடங்கு இருப்பது வழக்கம். 33 மி.மீ. ஜாக்ஹாமர் துளைக்கு இது 80 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை வரும். துளைக்குத் துளை இடைவெளி அதே அளவோ, கால் பங்கு கூடுதலோ வைப்பார்கள். மேலே அடைக்கும் ஸ்டெம்மிங் பர்டனில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. வீடோ சாலையோ பக்கத்தில் இருந்தால் பர்டனுக்குச் சமமாகவே வையுங்கள். 1.5 மீட்டர் துளையில் பாதிக்கு மேல் அடைப்பாகப் போகிறதே என்று முதலாளி கேட்பார். அந்தப் பாதிதான் கல்லைக் குவாரிக்குள்ளேயே நிறுத்துகிறது.

அடைக்க எதைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். துளைக்குப் பக்கத்தில் குவிந்த தூளையே தள்ளிவிடுவது பலரின் பழக்கம். ஈரத் தூள் வாயு தள்ளியதும் மூடிபோலக் கிளம்பிவிடும். தூளும் பொடியும் சலித்துப்போன, முனையுள்ள சிறு சிப்ஸ் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துளைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஜாக்ஹாமர் துளைக்கு 3 முதல் 4 மி.மீ. அளவு, 100 மி.மீ.க்கு மேற்பட்ட துளைக்கு 10 மி.மீ. ஜல்லி சரியாக வரும். பெரிய கல்லைப் போட்டு அடைத்தால் அதுவே பறக்கும், போகிற போக்கில் கேப்பிலிருந்து மேலே வரும் குழாயையும் வெட்டிவிடும்.

முகத்தைக் கீழே இறங்கிப் போய்ப் பார்க்காமல் மேலிருந்தே அளவு சொல்லக் கூடாது. மேலே 1 மீட்டர் தெரியும் பர்டன், நடுவில் பள்ளம் விழுந்து 40 செ.மீ.யாக இருக்கலாம். மண் பாய்ந்த விரிசலையும் பாருங்கள். மருந்து ஏறும் உயரத்தைக் குழி குழியாக அளந்து எழுதிக்கொண்டே வந்தால், ஒரு குழியில் மட்டும் கணக்குப்படி ஏற வேண்டிய உயரம் ஏறவில்லை என்று தெரியும். உள்ளே பொந்து இருக்கிறது. அதை நிரப்பிவிட வேண்டும் என்று மேலும் மேலும் போடுவதுதான் பெரிய தவறு. அங்கே நிறுத்தி மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

அதிர்வும் ஊர்க்காரரும்

தமிழ்நாடு சிறு கனிம விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்கின்றன. அந்தத் தூரத்துக்கு அப்பாலும் அதிர்வு போகும். டி.ஜி.எம்.எஸ். 1997-இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீட்டின் அருகே நில அதிர்வு வேகம், 8 ஹெர்ட்சுக்குக் கீழான அதிர்வெண்ணில் நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. வரை இருக்கலாம். பழங்காலக் கோயில் போன்றவற்றுக்கு இவை 2, 5, 10.

அதிர்வைத் தீர்மானிப்பது மொத்த மருந்து அல்ல, ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்துதான். தூரம் பாதியானால் ஒரு கணத்துக்கான மருந்து கால் பங்காக வேண்டும். 800 மீட்டரில் வீடு இருந்தபோது ஓடிய கணக்கை, முகம் நகர்ந்து 400 மீட்டருக்கு வந்த பிறகும் அப்படியே ஓட்டுவதால்தான் திடீரென்று சுவர் வெடிப்பு மனு வருகிறது. மில்லி நொடி இடைவெளியில் குழிகளைப் பிரிப்பது இதற்காகத்தான்.

ஜன்னல் அதிர்ந்தது என்று வருகிற புகாரில் பாதி, நிலத்து அதிர்வால் வருவதில்லை, காற்றில் வந்த சத்தத்தால் வருவது. மேகம் தாழ்ந்த காலைப் பொழுதில் சத்தம் மேலே போகாமல் ஊர்ப்பக்கம் திரும்பும். வெயில் ஏறிய மத்தியானம் நல்லது. தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் ஊரும் பழகிக்கொள்ளும், பால் கறக்கும் வீட்டில் மாடும் மிரளாது.

காவல் போடுவது

விதி தொடக்கத்தில் அபாய வட்டத்தை 300 மீட்டர் என்றது. ஆழ்துளை வெடிக்கு இப்போது நடைமுறையில் 500 மீட்டர். வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே வெடி. குவாரியின் வேலியைக் காலி செய்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வேலிக்கு வெளியே ஆடு மேய்க்கும் பெரியவர் இருப்பார், பனையில் ஏறியவர் இருப்பார், பழைய குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பள்ளிவிட்ட பையன்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மூன்று இடங்களுக்கும் ஆள் நடந்து போய்ப் பார்த்தாக வேண்டும். சைரன் சத்தம் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பவனுக்குக் கேட்காது.

காவலாளியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்: "முருகண்ணே, நீங்க இந்தப் புளியமரத்தடி. ரெண்டு பக்கமும் ஒருத்தரையும் விடாதீங்க. சத்தம் கேட்டாலும் கொடிய எறக்காதீங்க, நான் வந்து சொன்னாத்தான் நகரணும்." அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது கடைசி வரியில்தான். வெடிச் சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று காவலாளி நகர்ந்துவிடுகிறார், பின்னால் நின்ற பைக் உள்ளே வந்துவிடுகிறது. ஒவ்வொரு காவலிடமிருந்தும் "காலி" என்ற பதில் வந்த பிறகே அடுத்த படி. ஒருவர் பதில் சொல்லாவிட்டால் ஆளை அனுப்புங்கள், ஊகிக்காதீர்கள். வெடிக்கும் கருவியின் சாவி வெடிக்காரரின் சட்டைப்பையை விட்டு எங்கும் போகக் கூடாது, மேனேஜர் கேட்டாலும்.

வெடித்த பிறகு

புழுதியும் புகையும் அடங்கும் வரை யாரும் போக வேண்டாம். புகை ஆரஞ்சு, செம்பழுப்பு நிறத்தில் இருந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு. தண்ணீர் புகுந்த குழியும் பழைய சரக்கும் பெரும்பாலும் காரணம். காற்று வரும் பக்கமாக விலகுங்கள். அதை மூச்சில் இழுத்தவர் உடனே இருமிவிட்டு நன்றாக இருப்பதுபோல் தெரிவார். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து, சில நேரம் அன்றிரவுதான் தெரியும். வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன வாயு என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

உள்ளே முதலில் போகிறவர் வெடிக்காரர். மேலே விரிந்து நிற்கும் கல்லை முதலில் பாருங்கள், கீழே குனிவதற்கு முன். பிறகு தேட வேண்டியவை: அசையாமல் நிற்கும் ஒரு பாறைத் துண்டு, கல்லுக்குள்ளிருந்து நீளும் குழாய் அல்லது ஒயர், தோட்டா உறைத் துண்டு, குவியலில் ஒரு இடம் மட்டும் எழாமல் படுத்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெடிக்காத குழிதான்.

அப்போது கொடி இறங்காது, காவல் தொடரும். மின்சார முறைக்கு இணைப்பைப் பிரித்த பின் 5 நிமிடம், திரி முறைக்கு 30 நிமிடம் என்று விதி வைத்திருக்கிறது. மற்ற கேப்புகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் நேரம். 30 நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. குழியிலிருந்து மருந்தையோ கேப்பையோ இழுத்தெடுக்கக் கூடாது, குழாயைப் பிடித்து இழுக்கவே கூடாது. சிறு துளைகளில், அதற்கு எங்கும் 30 செ.மீ.க்குள் வராதபடி இணையாக ஒரு விடுவிப்புத் துளை போட்டு வெடிப்பது விதியில் உள்ள வழி. அதை மேனேஜரோ ஃபோர்மேனோ முன்னால் நின்று முடிவு செய்ய வேண்டும். வெடித்த பிறகு அந்தக் கல்லைக் கையால் பிரித்து, பழைய கேப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை பொக்லைன் அங்கே வரக் கூடாது. பக்கெட்டின் பல் அந்தக் கேப்பைத் தொட்டால் போதும். கிரஷர் வரை போய் வெடித்த கேப்புகளும் உண்டு.

பொழுது சாய்ந்துவிட்டால் இருட்டில் தேடாதீர்கள். வேலி கட்டி, சிவப்புக் கொடி நட்டு, இரவுக்கு ஆள் வையுங்கள். பதிவேட்டில் எழுதுங்கள்: எந்தப் பெஞ்ச் (பாறைப் படி), எந்த வரிசை, இடமிருந்து எத்தனையாவது குழி, ஆழம், உள்ளே இருக்கும் மருந்து, கேப்பின் எண். அடுத்த ஷிப்டு வெடிக்காரரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய் விரல் நீட்டிக் காட்டி, அவருடைய கையெழுத்தை வாங்கிய பிறகு கிளம்புங்கள். மீதியான தோட்டாவையும் கேப்பையும் தனித்தனிப் பெட்டியில் கிடங்குக்குத் திருப்பி, எண்ணிக் கொடுத்து, அங்கேயும் கையெழுத்து வாங்குங்கள்.